வாப்பாட சீக்கோ ஃபைவ் திரும்ப ஓடுது. டயலை மாத்தவா, அப்படியே விடவா?

1. கரைவாகு (சாய்ந்தமருது)

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம்.

ஏழு மாதம் இந்த ஒரு மணிக்கூட்டோட இருந்திருக்கன். போன வியாழன் இஷா தொழுதுட்டு வந்து, பலன்ஸை, அதாவது ஆடி ஆடி நேரம் பிடிக்கிற சில்லை, வெச்சி அதின்ட திருகாணியை இறுக்கினன். கையை எடுக்க முந்தியே ஆடத் தொடங்கிட்டு. பக்கத்து அறையில உம்மா ஓதிக்கொண்டு இருந்தவ. "ஓடுது உம்மா" எண்டு கத்திட்டன்.

மணிக்கூடு வாப்பாட. சீக்கோ ஃபைவ், 7009 மெஷின், தேய்மானம் தாங்கிற 17 கல்லு. பின்மூடியில தொடர் இலக்கம் 35 எண்டு தொடங்குது. சீக்கோவில முதல் இலக்கம் வருசத்தின்ட கடைசி எண், ரெண்டாவது மாதம். ஆக 3 இல முடியிற ஒரு வருசம், மே மாதம். வாப்பா 82 இல ஜித்தா போய் 86 இல ஒரேயடியா வந்தவர், அப்ப 1983 தான். அங்க இருந்த நாலு வருசத்தில தனக்கெண்டு அவர் வாங்கின ஒரே சாமான் இது எண்டு உம்மா செல்லுவா. கிழமை காட்டுற சில்லில பாதி இங்கிலீஷ், பாதி அரபு. வாப்பா எப்பவும் அரபிலதான் வெச்சிருப்பார்.

2004 சுனாமியில கடல் வந்தப்போ இது அலுமாரிக்குள்ள கிடந்தது. நாலைஞ்சு நாளைக்குப் பிறகு வாப்பா சேத்துக்குள்ள இருந்து எடுத்து, நிவாரணத்துக்கு வந்த போத்தல் தண்ணியில கழுவி, ஒரு பால்மா டின்னுக்குள்ள போட்டு வெச்சார். 2019 இல அவர் மௌத்தாகும் வரைக்கும் அந்த டின்னை ஒருத்தரும் திறக்கயில்ல.

திறந்தப்போ சாவிக்குமிழ் துரு பிடிச்சி இறுகிக் கிடந்தது. இழுத்தும் வரல்ல, சுத்தியும் வரல்ல. கடைசியில தண்டை வெட்டித்தான் மெஷினை வெளியில எடுத்தன். பித்தளைச் சில்லுகள் எல்லாம் நல்லா இருந்தது. இரும்புச் சாமான்தான் பாவம். பலன்ஸை ஆட்டுற மெல்லிய சுருள், ஹெயார் ஸ்பிரிங், மண்ணிறம். மணிக்கூட்டை ஓட்டுற மெயின் ஸ்பிரிங் தொட்டவுடன முறிஞ்சிட்டு. கல்முனையில மூடின ஒரு பழைய கடையின்ட பெட்டியில இன்னொரு 7009 ஓடாம கிடந்தது. அதுல இருந்து பலன்ஸ், எஸ்கேப் வீல், அந்த வீலைப் பல் பல்லா விட்டுப் பிடிக்கிற பலட் மூணையும் எடுத்தன். மெயின் ஸ்பிரிங்கும் தண்டும் புதுசு.

சில்லுகளை மேல இருந்து பிடிக்கிற பிறிட்ஜின்ட திருகாணி ஒண்டின்ட தலை முறிஞ்சி உடல் தகட்டுக்குள்ள நிண்டுட்டு. அதுக்கு சீனக்காரம்தான் (படிகாரம்) கைகொடுத்தது. தகட்டில இருந்த மத்த இரும்பையெல்லாம் ஒண்டு விடாம கழட்டிட்டு, சீனக்காரம் கரைச்ச சூட்டுத் தண்ணியில தகட்டை மட்டும் போட்டன். கொஞ்ச நேரத்திலயே திருகாணியில இருந்து சின்னச் சின்ன குமிழ் வரத் தொடங்கிச்சி. தண்ணி ஆறினா திரும்பச் சூடாக்கினன். அடுத்த நாள் அசருக்குப் பார்த்தா ஓட்டை வெறுமையா இருக்கு, புரியும் அப்படியே இருக்கு. இரும்பைத் தின்னும், பித்தளையைத் தொடாது. இது தெரியாம எத்தனை தகட்டைத் துளைச்சிக் கெடுத்திருப்பம்.

இப்ப கேள்வி. டயல் நீலம். 4 இல இருந்து 8 வரைக்கும் கீழ்ப்பக்கம் தேத்தண்ணி ஊத்தின மாதிரி மண்ணிறக் கறை. தோஹாவில இருக்கிற தம்பி இணையத்தில பார்த்து, திரும்ப நிறம் பூசி அச்சடிச்ச டயல் ஒண்டு வாங்கி அனுப்பிட்டான். பளபளக்குது. அவனுக்கு அதைப் போட்டு வாப்பா வாங்கின நாள் மாதிரிப் பார்க்க ஆசை. எனக்கு மனம் ஒரு பக்கம் நிக்குதில்ல. உங்கட அபிப்பிராயம் வேணும்.

2. கச்சான்காற்று (கல்லடி)

நானா, வாசிக்கவே சந்தோசமா இருக்கு. ஒண்டு கேட்கட்டா? கடல் வந்த நேரத்தோட நிண்ட மணிக்கூடா இது? அப்படியெண்டா ஓடப் பண்ணாம அந்த நேரத்திலயே விட்டிருக்கலாம் எண்டு எனக்கு மனசில பட்டுது. எங்கட பக்கமும் அப்படி ரெண்டு மூண்டு வீட்டில வெச்சிருக்கிறாங்கள்.

3. புளியந்தீவான் (மட்டக்களப்பு)

தம்பி கரைவாகு, முதலில் கையைக் கொடுங்கள். உப்புத்தண்ணீர் குடித்த 7009ஐ எழுப்புவது சின்ன வேலை இல்லை.

டயலுக்கு வருகிறேன். டயல் என்பது ஒரு பித்தளைத் தகடு. அதன் மேல் நிறம், நிறத்தின் மேல் எழுத்தின் அச்சு, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய வார்னிஷ். அந்த வார்னிஷ் நாற்பது வருடத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். பஞ்சில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தால்கூட அச்சு கையோடு வந்துவிடும். நான் அறிந்து சொல்கிறேன். சிநேகிதர் ஒருவர் தன் தகப்பனின் மணிக்கூட்டை என்னிடம் தந்தார். ஓட்டம் சரியாகிவிட்டது. சும்மா இருக்காமல் ஈரத்துணியால் டயலை ஒரு தடவை துடைத்தேன். பெயரின் பாதி துணியில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. ஆகவே உங்கள் டயலைக் காற்றுப் பந்தால் ஊதுவதற்கு மேல் ஒன்றும் செய்யவேண்டாம்.

அடுத்தது, தம்பி அனுப்பிய டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூன்று இடம். எழுத்தின் விளிம்பு தடித்துக் கசிந்திருக்கிறதா? ஃபைவ் என்ற கேடயச் சின்னத்தைச் சுற்றி நிறம் ஏறியிருக்கிறதா? 6க்குக் கீழே, விளிம்போடு விளிம்பாக, ஜப்பான் என்பதோடு 7009 என்று தொடங்கும் நுண்ணெழுத்து இருக்கிறதா? மறு அச்சில் அந்த வரியைத்தான் அநேகமாக விட்டுவிடுவார்கள், அல்லது வேறு மெஷினின் இலக்கத்தைப் போட்டிருப்பார்கள். பிறகு பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். டயலின் இரண்டு கால்களும் இருக்கவேண்டும். வெட்டிவிட்டு ஒட்டும் பசை வைத்திருந்தால் அந்த டயல் நம்முடைய வெக்கைக்கு ஒரு நாள் நகரும். நகர்ந்து நடுத்துளை முள்ளின் குழாயில் தொட்டால் மணிக்கூடு நிற்கும். நீங்கள் பலன்ஸில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

என் கட்சி இது: மெஷினுக்குள் நாம் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்பிரிங் தேயும், எண்ணெய் காயும், அது அதன் இயல்பு. முகம் அப்படி இல்லை. உங்கள் வாப்பா இருபது வருடம் பார்த்தது அந்த டயலை. கறையோடு விடுங்கள்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. கறை மண்ணிறமா, பச்சையா? பச்சைத் தூள் கண்டால் உப்பு இன்னும் பித்தளையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே மூடிவைக்கக் கூடாது. படம் போடுங்கள்.

4. தறிக்காரன் (மருதமுனை)

ஐயா செல்றதை மதிக்கிறன். ஆனா எனக்கு வேற நியாயம் ஒண்டு இரிக்கி.

என்ட மூத்தவருட மணிக்கூடு ஒண்டு, சிற்றிசன் ஒட்டோமற்றிக், டயல் முழுக்கப் புள்ளி புள்ளியாக் கிடந்தது. ஓட்டம் நல்லம். அவர்ட மகன், பத்தொன்பது வயசு, ரெண்டு நாள் கட்டிட்டு லாச்சிக்குள்ள போட்டுட்டான். ஏன்டா எண்டு கேட்டா, "பார்க்கிற ஆக்கள் பழுதாப் போனதா எண்டு கேக்கிறாங்க சாச்சா" எண்டான். நல்ல டயல் ஒண்டு தேடிப் போட்டுக் குடுத்தன். இன்டைக்கும் அவன்ட கையில இரிக்கி. கையில ஓடுற மணிக்கூடுதான் எனக்குப் பெரிசு. லாச்சிக்குள்ள கிடக்கிற அசலால ஆருக்கு என்ன பிரயோசனம்?

கரைவாகு காக்கா, இதை ஆர் கட்டப் போறது? நீங்களா, உங்கட மகனா? அதை முடிவெடுத்தா டயலும் தானா முடிவாகும்.

5. கரைவாகு (சாய்ந்தமருது)

ஐயா, கறை மண்ணிறம்தான். பச்சை இல்ல. லென்ஸில பார்த்துட்டன். தம்பி அனுப்பினதில 6க்குக் கீழ எழுத்தே இல்ல. கால் ரெண்டும் வெட்டித்தான் இரிக்கி. நீங்க செல்லாட்டி இதெல்லாம் நான் பார்த்திருக்க மாட்டன்.

தறிக்காரன், கட்டப் போறது நான்தான். மகனுக்கு எட்டு வயசு.

கச்சான்காற்று கேட்டதுக்கு வாறன். எங்கட வீட்டிலயும் இருபது வருசமா அப்படித்தான் கதை. கடல் வந்தப்போ நிண்ட மணிக்கூடு எண்டு. நானும் அதைத்தான் நம்பி இருந்தன்.

முள்ளைக் கழட்ட முந்தி போனில படம் எடுக்கிற பழக்கம் இந்த இழையில படிச்சதுதான். அந்தப் படத்தைப் பிறகு ஆறுதலாப் பார்த்தன். முள் 3.17. தேதிக் கட்டத்தில 25. கிழமை அரபில சப்து, அதாவது சனி. சுனாமி வந்தது 26, ஞாயிறு காலை. தேதிச் சில்லு நடுச்சாமத்தோட மாறும். ஞாயிறு விடியக்காலை 3.17 எண்டா 26 காட்டியிருக்கணும். 25 காட்டுது. அப்ப சனிக்கிழமை 3.17. காலையா பின்னேரமா எண்டது மட்டும்தான் தெரியாது. குமிழ் துருவில இறுகிக் கிடந்ததால பிறகு ஒருத்தரும் மாத்தியிருக்கவும் ஏலாது.

வாப்பா இதை ஜும்ஆவுக்கு மட்டும்தான் கட்டுவார். 7009க்கு கையால சாவி குடுக்க ஏலாது, கை ஆடினாத்தான் ஸ்பிரிங் ஏறும். வெள்ளி கொஞ்ச நேரம் கட்டிக் கழட்டினா ஸ்பிரிங் முழுசா ஏறாது. சனிக்கிழமை தானா ஓஞ்சி நிண்டிருக்கி. கடல் வந்தப்போ அது ஏற்கெனவே நிண்டுதான் கிடந்தது.

உம்மாக்கு இதைச் செல்றதா இல்லையா எண்டு நாலு நாளா யோசிச்சிக்கொண்டு இரிக்கன்.

6. படுவான் (கொக்கட்டிச்சோலை)

கரைவாகு அண்ணன், நீங்க தேதியை வெச்சுக் கண்டுபிடிச்ச விதத்தை மூண்டு தரம் வாசிச்சன்.

என்ட அப்பாட மணிக்கூட்டுக்கும் நேரத்தால ஒரு கதை இருக்கு. எச்.எம்.ரி. ஜனதா, வெள்ளை டயல். 96 மே மாதம் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்ரோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது ஞாபகம் இருக்கும். 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே இருந்தது. இஞ்சால, இயக்கத்தின்ட கட்டுப்பாட்டில இருந்த படுவான்கரையில பழைய நேரம். அங்கால, அரசாங்கத்தின்ட பக்கம் எழுவான்கரையில புது நேரம். நடுவில வாவி. மண்முனைத் துறையில பாதை, அதாவது ஆக்களை அக்கரைக்கு ஏத்துற மிதவை, ஏறி அக்கரைக்குப் போனா அரை மணித்தியாலம் கூடிப்போகும், திரும்பி வந்தா குறைஞ்சிடும். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போறவர் இதைக் கணக்குப் பார்க்காமப் போனா அலுவல் அடுத்த நாளைக்குத்தான்.

அப்பா மணிக்கூட்டை ஒரு நாளும் மாத்தினதில்ல. நான் சின்னப் பொடியன். "அங்கால என்ன நேரம் அப்பா" எண்டு கேட்டா, "பெரிய முள்ளுக்கு நேர் எதிர்ப்பக்கம் பார் மனே" எண்டுவார். 10 நிமிசத்தில முள் நிண்டா எதிர்ப்பக்கம் 40. அரை மணித்தியால வித்தியாசம் தானே, எப்பவும் எதிர்ப்பக்கம் சரியா வரும். மண்முனைப் பாலம் 2014 இல திறந்தாப் பிறகு நான் அதில போகக்குள்ள எல்லாம் இது ஞாபகம் வரும்.

மறுகா விசயத்துக்கு வாறன். ஜனதா நிக்காம ஓடுது, ஆனா ஒரு நாளைக்கு இருபது நிமிசம் கூட ஓடுது. ரெகுலேற்றரைக் குறைச்சல் பக்கம் முழுக்கத் தள்ளியும் சரிவரயில்ல. கண்ணாடியிலயும் கீறல் கூட. என்ன செய்யலாம்?

7. புளியந்தீவான் (மட்டக்களப்பு)

தம்பி படுவான், ரெகுலேற்றரை முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நாளைக்கு இருபது நிமிடம் கூடுதல் என்றால் அது சீர்படுத்தலின் பிழை இல்லை. ஹெயார் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒட்டினால் ஸ்பிரிங் குட்டையாகிவிட்ட மாதிரி, பலன்ஸ் வேகமாக ஆடும். காரணம் அநேகமாக இரண்டுதான்: எண்ணெய் பட்டிருக்கும், அல்லது காந்தம் ஏறியிருக்கும். ஒரு சின்னத் திசைகாட்டியை மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஊசி பலன்ஸோடு சேர்ந்து துடித்தால் காந்தம். போன் உறையின் காந்தம், ஒலிபெருக்கி, எதுவும் போதும். காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி விலை குறைந்தது. மின்சாரத்தில் செருகி, மணிக்கூட்டை அதன் மேல் வைத்து, பொத்தானை அமத்தியபடியே ஒரு முழம் தூரத்துக்கு மெதுவாக உயர்த்தி, பிறகு கையை எடுக்கவேண்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டே பொத்தானை விட்டால் பழையபடி காந்தம் ஏறும்.

ஜனதாவின் கண்ணாடி அக்ரிலிக். பற்பசையும் மெல்லிய துணியும் போதும், கால் மணித்தியாலம் வட்டமாகத் தேயுங்கள், கீறல் போய்விடும். சீக்கோவின் கண்ணாடி கனிமக் கண்ணாடி, அதில் இது நடக்காது. கண்ணாடியைத் தேய்க்கலாம், கேஸைத் தேய்க்கவேண்டாம். மெஷின் பிடித்துப் பளபளப்பாக்கினால் மூலைகள் மழுங்கும், பின்மூடியின் எழுத்து போகும். போனது வராது.

எச்.எம்.ரி. மணிக்கூடு பெங்களூரில் 1961இல் சிற்றிசன் கொம்பனியோடு சேர்ந்து தொடங்கிய வேலை. 2016இல் மணிக்கூட்டுப் பிரிவை மூடிவிட்டார்கள். ஜனதா என்ற பெயரே சனங்களுக்கு என்று வைத்தது. அதன் பலன்ஸ் மணிக்கு 18,000 தடவை அடிக்கும், அதாவது செக்கனுக்கு ஐந்து. கரைவாகுவின் 7009 ஆறு. இரண்டையும் காதில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கேட்கும். திறந்து பார்க்க இவ்வளவு இலகுவான மெஷின் கிடையாது. படிக்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

உங்கள் அப்பாவின் எதிர்ப்பக்கக் கணக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் பத்து வருடமும் மனக்கணக்குப் போட்டேன்.

8. தாழை (தம்பிலுவில்)

வணக்கம் ஐயா, அண்ணாமார். நான் இன்னும் ஒரு மணிக்கூட்டையும் திறக்கயில்லை. அம்மப்பாட பழைய சுவிஸ் மணிக்கூடு ஒண்டு இருக்கு. 1950கள் எண்டு அம்மா சொல்லுவா. சாவி குடுத்தா ரெண்டு நிமிசம் ஓடி நிக்குது. முள்ளிலயும் எண்ணிலயும் இரவில மின்னுற பூச்சு இருந்ததாம். இப்ப மின்னுதில்லை, கருகின மாதிரி மண்ணிறமா உதிருது. அந்தப் பூச்சைச் சுரண்டிப்போட்டுப் புதுசு பூசலாமா? எந்தச் சாமானோட தொடங்கலாம்?

9. புளியந்தீவான் (மட்டக்களப்பு)

தங்கச்சி, சுரண்டவேண்டாம். இதை வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பூச்சு ரேடியம். 1960கள் வரைக்கும் பாவித்தார்கள். அது மின்னாமல் போனது ரேடியம் தீர்ந்ததால் இல்லை. கூடக் கலந்த துத்தநாகச் சேர்மம் களைத்துப்போனது, அவ்வளவுதான். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருடம் வேண்டும். அமெரிக்காவில் 1920களில் இந்தப் பூச்சைப் பூசிய இளம் பெண்கள் பலர் தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கி, தாடை எலும்பு உக்கிச் செத்துப்போனார்கள். மூடிய மணிக்கூட்டின் கண்ணாடி பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்ளும். ஆபத்து உதிர்ந்த தூளில்தான். சுவாசத்தோடு உள்ளே போனால் ஒரு பகுதி உடம்பிலேயே தங்கிவிடும். அதை நீங்கள் திறக்கவேண்டாம். அலுமாரியில், தலைமாட்டில் இல்லாமல், வையுங்கள். அனுபவமுள்ள ஒருவர் தகுந்த பாதுகாப்போடு பார்க்கட்டும். படிப்பதற்கு வேறு மெஷின் எடுப்போம்.

10. கரைவாகு (சாய்ந்தமருது)

தங்கச்சி, நான் தொடங்கினது ஓடாத பழைய மெஷின் நாலைஞ்சில. அதையே கழட்டுறது, பூட்டுறது, திரும்பக் கழட்டுறது. 0.8, 1.0, 1.2, 1.4 மில்லிமீற்றர் திருப்புளி நாலு, காந்தம் பிடிக்காத நல்ல சாமணம் ஒண்டு, கண்ணில போடுற லென்ஸ், காற்றுப் பந்து. திருப்புளியில காசைப் பார்க்காதீங்க. மலிவானது திருகாணித் தலையைக் கடிச்சிடும்.

கழட்டுறதில ஒண்டை மட்டும் மறக்க ஒண்ணா. பலட்டைத் தொட முந்தி மெயின் ஸ்பிரிங்கை இறக்கணும். சாவி குடுக்கிற மணிக்கூட்டில குமிழை விரலால பிடிச்சிக்கொண்டு, பல்லைத் தடுக்கிற சின்னக் கொக்கியைத் தள்ளிப் பிடிச்சா, குமிழ் உங்கட விரலுக்குள்ள மெல்ல மெல்லச் சுத்தி இறங்கும். அதைச் செய்யாம பலட்டைக் கழட்டினா சில்லெல்லாம் ஒரே விசையில சுழண்டு அச்சு முறியும். என்ட மூணாவது மெஷின் அப்படித்தான் போச்சி.

எங்கட ஊருக்கெண்டு சில விசயம் இரிக்கி. வேர்வை. நெத்தியில துண்டு கட்டிக்கொள்ளுங்க. விரலுக்கு ரப்பர் உறை போடுங்க. வெறுங்கையால ஒரு இரும்புச் சாமானைத் தொட்டு வெச்சா, கடற்கரைக் காத்துக்கு அடுத்த கிழமை அதில விரல் அடையாளம் துருவா நிக்கும். மின்விசிறி போட ஏலாது, போடாட்டி இருக்கவும் ஏலாது. நான் சுபஹுக்குப் பிறகு ஆறு மணி வரைக்கும்தான் மேசையில இருக்கிறது. அப்பதான் கையும் நடுங்காது.

பலன்ஸ் கல்லைப் பிடிக்கிற அதிர்ச்சி ஸ்பிரிங் தூசி அளவுதான் இருக்கும். அதைக் கழட்டக்குள்ள எல்லாத்தையும் ஒரு பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள்ள வெச்சி, கையை உள்ள விட்டுச் செய்யுங்க. பறந்தாலும் பைக்குள்ளதான் விழும்.

11. கச்சான்காற்று (கல்லடி)

போன கிழமை வாவியில வலை இழுக்கக்குள்ள என்ட மணிக்கூட்டுக்குள்ள தண்ணி போயிட்டு. அரிசிக்குள்ள போட்டு வெச்சிருக்கன். சரிதானே?

12. புளியந்தீவான் (மட்டக்களப்பு)

சரியில்லை மகன். உடனே வெளியே எடுங்கள். அரிசி ஈரத்தையும் பெரிதாக இழுக்காது, உப்பையும் எடுக்காது. பெற்றோலில் கழுவுவார்கள், அதிலும் உப்பு கரையாது. உப்பைக் கரைப்பது நல்ல தண்ணீர்தான். பின்மூடியைக் கழற்றி, டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டு, மெஷினை வடித்த நீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலில் சுருக்கமாக ஒரு முக்கு, தண்ணீர் போவதற்கு. ஊறவிடவேண்டாம், பலட்டின் கற்கள் அரக்கில் ஒட்டியிருக்கின்றன, அல்ககோல் அரக்கைக் கரைக்கும். காயவைத்துவிட்டு முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். இன்றைக்கே.

13. தறிக்காரன் (மருதமுனை)

எண்ணெய் பற்றி ஒண்டு கேக்கணும். எங்கட மாமா முப்பது வருசம் கடை வெச்சிருந்தவர், தையல் மெஷின் எண்ணெய்தான் ஊத்தினவர். எல்லாம் ஓடினதுதானே. இங்க ஆக்கள் செல்ற சுவிஸ் எண்ணெய் சின்னக் குப்பி ஒண்டு வாங்கிற காசுக்கு ரெண்டு பழைய மணிக்கூடு வாங்கலாம்.

14. புளியந்தீவான் (மட்டக்களப்பு)

ஓடினதுதான். மாமாவின் கையை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நாளில் கிடைத்தது அது. ஒவ்வொரு வருடமும் ஆட்கள் கொண்டுவந்து கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். இப்போது நாம் ஐந்து வருடத்துக்குத் திறக்கப்போவதில்லை.

மணிக்கூட்டு எண்ணெயின் திறமை வழுக்குவதில் இல்லை, நிற்பதில். கல்லின் குழியில் வைத்த துளி அங்கேயே குந்தியிருக்கவேண்டும். தையல் மெஷின் எண்ணெய் பரவும். நமது வெக்கையில் ஒரு மாதத்தில் குழி காய்ந்து, தகடு முழுக்க எண்ணெய்ப் படலம், அதில் தூசி. ஹெயார் ஸ்பிரிங்கில் ஏறினால் படுவானின் ஜனதா மாதிரி ஓடும். அந்த சுவிஸ் எண்ணெய்களில், மீபியஸ் 9010 வேகமான சில்லுகளுக்கு, டி5 மெதுவாகச் சுற்றும் பெரிய அச்சுகளுக்கு, 9415 பலட் கல்லின் முகத்துக்கு. பலட்டின் அச்சுக்கும் சில்லுகளின் பற்களுக்கும் எண்ணெயே வேண்டாம். குழியில் பாதிக்குச் சற்று மேலே நிறைந்தால் போதும். ஒரு குப்பி ஒரு பொழுதுபோக்குக்காரருக்குப் பல வருடம் வரும். மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். கல்முனைப் பக்கம் நீங்களும் கரைவாகுவும் இருக்கிறீர்கள்.

15. தறிக்காரன் (மருதமுனை)

நியாயம். கரைவாகு காக்கா, பங்கு போடுவம்.

16. படுவான் (கொக்கட்டிச்சோலை)

ஐயா, காந்தம்தான். திசைகாட்டி ஊசி துடிச்சது. பெட்டி வாங்கி எடுத்தன். நேற்றுக் காலையில இருந்து இண்டைக்குக் காலைக்கு நாற்பது செக்கன்தான் கூட. கண்ணாடியும் தெளிஞ்சிட்டு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது எண்டு தெரியயில்ல.

17. கரைவாகு (சாய்ந்தமருது)

எல்லாருக்கும் சலாம். முடிவைச் செல்ல வந்தன்.

நேத்து ஜும்ஆ முடிஞ்சி வந்து உம்மாவுக்குப் பக்கத்தில இருந்து போன் படத்தைக் காட்டினன். "உம்மா, இது கடல் வந்தப்போ நிண்டதில்ல. சனிக்கிழமை மூணேகாலுக்கே நிண்டிருக்கி" எண்டன். இருபது வருசமா அவ செல்லிக்கொண்டு வந்த கதையை உடைக்கிறன் எண்டு எனக்கு நெஞ்சு இடிச்சிது.

உம்மா கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிசாக்கச் செல்லி, 25 ஐயும் சப்து எழுத்தையும் விரலால தொட்டுப் பார்த்தா. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல. பிறகு, "சனிக்கிழமை மூணேகால். பின்னேரமெண்டா நான் பின் வளவில நெல்லுக் காயப் போட்டுட்டு இருந்தன். வாப்பா தேங்கா உரிச்சிக்கொண்டு இருந்தார். சின்னவ அவர்ட முதுகில ஏறி இருந்தா" எண்டா. சின்னவ என்ட கடைசித் தங்கச்சி. அவ எங்களுக்குத் திரும்பக் கிடைக்கல்ல. "அப்ப எல்லாரும் வீட்டிலதான் இருந்த" எண்டா உம்மா.

புது டயலைக் காட்டினன். கையில வாங்கிப் பார்த்துட்டு, "இது நல்ல வடிவு. இதை வேற ஒண்டுக்குப் போடு" எண்டு திருப்பித் தந்தா. தம்பிக்கு இரவு வீடியோவில செல்லிட்டன். அவனும் சரியெண்டான்.

பழைய டயலோடயே மூடிட்டன். ஓட்டம் அளக்கிற டைம்கிராபரில டயல் மேல் பார்த்தா ஒரு நாளைக்கு 14 செக்கன் கூட, ஆட்டம் 245 பாகை. குமிழ் மேல் வெச்சா 8 செக்கன் குறையுது. இதுக்கு மேல நோண்டப் போறதில்ல.

ஒரு சந்தேகம் மட்டும் இரிக்கி. பின்மூடியின்ட பழைய ரப்பர் வளையம் பொடியாப் போயிட்டு, அளவெடுக்க ஏலாது. கேஸின்ட பள்ளத்தை அளந்து வாங்கிறதா, இல்ல பின்மூடி இலக்கத்தை வெச்சித் தேடுறதா?

18. தறிக்காரன் (மருதமுனை)

காக்கா, பள்ளத்தின்ட உள்விட்டத்தையும் அகலத்தையும் கலிப்பரால அளந்து அனுப்புங்க. என்னட்ட வளையம் கலந்து ஒரு டப்பா இரிக்கி. சிலிக்கன் கிறீஸும் கொஞ்சம் கிடக்கு, வளையத்தைப் போட முந்தி பூசணும். நாளைக்கு மஃரிபுக்குப் பிறகு நானே கொண்டாறன். உம்மாவையும் பார்த்த மாதிரி இரிக்கும்.